ஒரு ஃபீடரின் நாளைய சுமை: யாழ்ப்பாணத்தில் எதிர்வுகூறத் தொடங்குவோருக்கு

மின்சுமையை எதிர்வுகூறப் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் கணிப்பு மாதிரியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த நியூரல் நெற்வேர்க் நல்லது என்பதே முதற் கேள்வியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் அதைக் கடைசியாகக் கேட்டாலும் போதும். கூரைகளில் சோலார் பெருகிவிட்ட பிறகு, ஃபீடரின் (உபநிலையத்தில் இருந்து ஊருக்குள் போகும் மின் லைனின்) தலைப்பில், அதாவது அது தொடங்கும் இடத்தில், உள்ள மீற்றர் சனத்தின் பாவனையைக் காட்டுவதில்லை. பாவனையில் வெயில் கழிந்த மிச்சத்தைத்தான், அதாவது நிகரச் சுமையைத்தான், காட்டுகிறது. அந்த எண் எதை அளக்கிறது என்று பிரித்து அறியாமல் எந்த மாதிரிக்குள் போட்டாலும் பகல் 12 மணிக்குக் கணக்கு பிழைக்கும்.

இந்த வழிகாட்டி ஒரேயொரு 11 கிலோவோல்ற் ஃபீடருக்கானது. நாடு முழுவதற்குமான கணிப்பைத் தேசியக் கட்டுப்பாட்டு நிலையம் பார்த்துக்கொள்ளும். தேவையானவை: ஒன்று முதல் இரண்டு வருட அரைமணித் தரவு, ஃபீடரில் உள்ள சோலார் இணைப்புகளின் பட்டியல், ஒரு கணினி. பாதி வழி வரை எக்செல் போதும். அதன் பிறகு பைதன் வேண்டும்.

கேள்வியை ஒரு வசனத்தில் எழுதுங்கள்

"இந்த ஃபீடரின் நிகர வலு, நாளை 00:00 முதல் 24:00 வரை, அரைமணிச் சராசரியாக 48 எண்கள், வெளியிடும் நேரம் இன்று காலை 10:00." இதை ஒரு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். பின்னால் வரும் பிழைகளில் பாதி இந்த வசனத்தின் கடைசித் துண்டை மறப்பதால் வருபவை.

நாளை மாலை 7 மணியைக் கணிக்கும்போது "24 மணி முந்திய சுமை" என்றால் இன்று மாலை 7 மணிச் சுமை. காலை 10 மணிக்கு அது இன்னும் நடக்கவே இல்லை. ஆனால் பழைய தரவில் அந்த நிரலில் எண் இருக்கும். மாதிரி அதை ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். சோதனையில் பிழை அருமையாகக் குறையும். நடைமுறைக்கு வந்த அன்றே குலையும். நாளை காலை 10 வரையான அரைமணிகளுக்கு மட்டும் 24 மணி முந்தியதைப் பாவிக்கலாம். அதற்குப் பிறகானவற்றுக்கு 48 மணியும் 168 மணியும் முந்தியவைதான். இரண்டு விதமாக வைத்துக் குழம்ப விரும்பாதவர்கள் எல்லாவற்றுக்கும் 48, 168 என்றே வைத்துவிடலாம். நட்டம் பெரிதில்லை.

மீற்றர் எண்ணைப் பிரித்துப் பார்த்தல்

பல இடங்களில் கிடைப்பது வலு அல்ல, மின்னோட்டம். அதை மாற்றும் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: 1.732 × வோல்ற்றேஜ் × மின்னோட்டம் × வலுக்காரணி (மொத்த வலுவில் உண்மையாக வேலை செய்யும் பங்கு). 11 கிலோவோல்ற்றில் 100 அம்பியர், வலுக்காரணி 0.9 என்றால் ஏறத்தாழ 1,715 கிலோவாற்று. இரவில் இது சரி. பகலில் இதே 0.9 உங்களைக் கவிழ்த்துவிடும்.

ஏன் என்பதை எண்களால் பார்ப்போம். ஒரு ஃபீடரில் மத்தியானம் சனம் பாவிப்பது 990 கிலோவாற்று, வலுக்காரணி 0.9 என்று வையுங்கள். அதோடு 480 கேவார் அளவு எதிர்வினை வலுவும் (வேலை ஒன்றும் செய்யாமல் மோட்டர் போன்றவற்றின் காந்தப்புலத்துக்காக வந்துபோகும் வலு) ஓடும். கூரைகளில் இருந்து 590 கிலோவாற்று சோலார் வருகிறது. சோலார்ப் படல்களின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டர்கள் பொதுவாக மெய்வலுவை (வேலை செய்யும் வலுவை) மட்டுமே தருகின்றன, எதிர்வினை வலு முழுக்கக் கிரிட்டில் இருந்துதான் வரவேண்டும். ஆகவே ஃபீடரின் தலைப்பில் 400 கிலோவாற்று, 480 கேவார். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலச் சேர்த்தால் மொத்த வலு 625 கேவீஏ, ஏறத்தாழ 33 அம்பியர். வலுக்காரணி 0.64க்கு விழுந்துவிட்டது. நீங்களோ 0.9 என்று பெருக்கி 562 கிலோவாற்று என்று எழுதுகிறீர்கள். உண்மை 400. மாதிரி ஒன்றும் செய்யத் தொடங்கும் முன்பே 40 சதவீதப் பிழை உள்ளே வந்துவிட்டது.

இன்னும் வெயில் ஏறினால் வேறொரு கூத்து. நிகர வலு பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம், அதாவது ஃபீடரில் இருந்து உபநிலையத்தை நோக்கி, ஓடத் தொடங்கும். திசை காட்டாத மீற்றர் மின்னோட்டத்தின் அளவை மட்டுமே பதியும். இதே எடுத்துக்காட்டில் மெய்வலு பூச்சியமாகும் கணத்திலும் 25 அம்பியர் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே இறங்காது, பிறகு திரும்ப ஏறும். வரைபடத்தில் நண்பகல் பள்ளத்தின் நடுவில் ஒரு சிறு மேடு எழும்பி நிற்பது தெரிந்தால், யாரோ மத்தியானச் சமையலுக்கு அடுப்புப் போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். வலு பின்னோக்கி ஓடுகிறது. கிலோவாற்று, கேவார் இரண்டையும் குறியோடு பதியும் மீற்றரின் தரவைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பகல் 9 முதல் 3 வரை மின்னோட்டத் தரவை நம்பவேண்டாம்.

அடுத்தது நேரமுத்திரை. 12:30 என்று பதிந்த எண் 12:00–12:30க்கு உரியதா, 12:30–13:00க்கு உரியதா? இதைச் சூரியனிடமே கேட்கலாம். யாழ்ப்பாணம் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. இலங்கை நேரம் 82.5 பாகைக்கு உரியது. இரண்டரைப் பாகைக்கு 10 நிமிடம். எனவே இங்கே சூரிய உச்சி சராசரியாகப் பகல் 12:10. பெப்ரவரி தொடக்கத்தில் அது 12:24 வரை பிந்தும், நொவம்பர் தொடக்கத்தில் 11:54க்கே வந்துவிடும். முகில் இல்லாத ஒரு நாளில் ஏதாவதொரு இன்வேர்ட்டரின் உற்பத்தியை வரைந்து, அது எந்த நிமிடத்தைச் சுற்றிச் சமச்சீராக இருக்கிறது என்று பாருங்கள். கால் மணி ஒரு பக்கம் தள்ளி நின்றால் முத்திரை அரைமணியின் நடுவைக் குறிக்கவில்லை, தொடக்கத்தையோ முடிவையோ குறிக்கிறது. கிறீன்விச் நேரத்தில் உள்ள வானிலைத் தரவோடு இணைக்கும்போது நம்முடைய ஐந்தரை மணியில் உள்ள அந்த அரை தொலைந்துபோவதும் வழமை. 06:00 என்றால் இங்கே 11:30. சூரியக் கதிர்வீச்சு எண்கள் பெரும்பாலும் முந்திய ஒரு மணிநேரத்தின் சராசரி, ஆகவே அந்த எண் உண்மையில் 10:30 முதல் 11:30 வரைக்கு உரியது.

தரவைத் துப்புரவாக்கல்

கரண்ட் போன நேரத்தில் மீற்றர் பூச்சியம் காட்டும். அது பாவனை பூச்சியம் என்று அர்த்தமாகாது. 2022இல் நாடு முழுவதும் சுழற்சி முறையில் மணிக்கணக்காக வெட்டினார்கள். அந்த மாதங்களை அப்படியே ஊட்டினால், மாலையில் சனம் விளக்கே போடுவதில்லை என்று மாதிரி படித்துக்கொள்ளும். வெட்டிய அரைமணிகளை நீக்குங்கள். சராசரி போட்டு நிரப்பவேண்டாம். வெட்டு முடிந்த பிறகு வரும் ஓரிரு மணித்தியாலத்தையும் நீக்குங்கள். குளிர்சாதனப் பெட்டிகள், தண்ணீர் மோட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குவதால் சுமை வழமையை மிஞ்சி எழும்பும்.

நீக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பகலில் வெட்டு முடிந்து கரண்ட் வந்தவுடன் சோலார் இன்வேர்ட்டர்கள் உடனே இணையமாட்டா. வோல்ற்றேஜும் மீடிறனும் நிலைத்திருக்கின்றனவா என்று சில நிமிடம் காத்திருக்கும். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் மீற்றர் வெயில் கழியாத முழுப் பாவனையைக் காட்டும். பிறகு படபடவென்று இறங்கும். அந்த இறக்கத்தின் ஆழமே அந்நேரத்துச் சோலாரின் பருமட்டான அளவு. நிமிடத் தரவு கிடைப்பவர்களுக்கு இது இலவசமாக வரும் அளவீடு.

பராமரிப்புக்காக ஒரு ஃபீடரின் ஒரு பகுதியை அடுத்த ஃபீடருக்கு மாற்றுவார்கள். ஒன்று திடீரென்று இறங்கும், மற்றது அதே அளவு ஏறும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கோடு நேராகப் போகும். இதைக் கண்டுபிடிக்க வேறு வித்தை தேவையில்லை. நான்கு அரைமணி தொடர்ந்து தசமப் புள்ளி வரை ஒரே எண் என்றால் தொடர்பு அறுந்திருக்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்குக் காலத்தையும், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சாரசபை கேட்டுக்கொண்ட 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையையும் கொடி போட்டுத் தனியே வையுங்கள்.

வெயிலைத் திருப்பிக் கூட்டுதல்

இதுதான் வேலையின் நடு. நிகரச் சுமையை நேரே கணிக்காமல், பாவனையையும் சோலாரையும் தனித்தனியே கணித்துக் கடைசியில் கழிக்கவேண்டும். அதற்கு, கடந்த காலத்தின் ஒவ்வொரு பகல் அரைமணிக்கும் சோலார் எவ்வளவு தந்திருக்கும் என்று மதிப்பிட்டு மீற்றர் எண்ணோடு கூட்டவேண்டும்.

முதலில் கொள்ளளவு. ஒவ்வொரு இணைப்பின் கிலோவாற்றும் அது இணைந்த தேதியும் வேண்டும். தேதி இல்லாத பட்டியல் பாதிப் பட்டியல். இன்றைக்கு 800 கிலோவாற்று உள்ள ஃபீடரில் ஒன்றரை வருடத்துக்கு முன் 300 மட்டுமே இருந்திருக்கலாம்.

பிறகு கணக்கு. நல்ல வெயில் நண்பகலில் சதுரமீற்றருக்கு 950 வாற்று. படல்களின் கொள்ளளவு 1,000 வாற்று வெயிலுக்கு உரியது, ஆகவே 800 × 0.95 = 760. சோலார்ப் படல்கள் 58 பாகை வரை சூடேறும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால் ஏறத்தாழ 11.5 சதவீத இழப்பு, 672 மிஞ்சும். தூசி, கூரைச் சரிவு, வயர், இன்வேர்ட்டர் எல்லாவற்றுக்கும் இன்னொரு 12 சதவீதம் போனால் 590 கிலோவாற்று. மேலே பார்த்த எடுத்துக்காட்டின் 590 இப்படி வந்ததுதான். அதே இடத்தில் ஒரு கருமுகில் வந்து வெயிலை 250 வாற்றுக்கு இறக்கினால் சோலார் 170க்கு விழும். மீற்றர் 400இல் இருந்து 820க்குத் தாவும். வீடுகளில் யாரும் ஒரு சுவிட்சையும் தொடவில்லை.

பட்டியலில் உள்ள கொள்ளளவை அப்படியே நம்பாமல் தரவோடு ஒப்பிடுங்கள். வெயில் நாள், முகில் நாள் இரண்டிலும் நண்பகல் நிகரச் சுமை எவ்வளவு மாறுகிறது என்பதைக் கதிர்வீச்சுக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் கோட்டின் சரிவே கொள்ளளவைக் காட்டும். ஆனால் வலிகாமத்து ஃபீடர்களில் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது: வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் மோட்டர்கள் மழைநாளில் ஓடமாட்டா, ஏசியும் குறையும். முகில் சோலாரையும் குறைக்கிறது, பாவனையையும் குறைக்கிறது. எனவே சரிவு கொள்ளளவைக் குறைத்தே காட்டும். மழை பெய்யாத, ஆனால் முகில் விட்டுவிட்டு வந்த நாட்களை மட்டும் எடுத்தால் இந்தப் பிழை சிறுக்கும்.

இன்னொரு வழமையான பிழை, பில்லில் உள்ள ஏற்றுமதி அலகுகளை உற்பத்தி என்று எடுப்பது. நெற் மீற்றரிங், நெற் அக்கவுண்டிங் என்ற சோலார்த் திட்டங்களில் உள்ள வீடுகளில் பகலில் வீடே பாவித்தது போகத்தான் வெளியே வருகிறது. முழு உற்பத்தியும் தனி மீற்றரால் போவது நெற் பிளஸ் வகை இணைப்புகளில்தான்.

இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பவர்களுக்கு: 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை கிரிட் உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதன் மின்சாரத்தையும் பறித்தது. விடுமுறை நாள், பாவனை குறைவு, வெயில் நிறைவு, கிரிட்டைத் தளம்பாமல் பிடித்து வைக்கும், சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் கொஞ்சம். முன்பு மாலை 6:30 முதல் 10:30 வரையான உச்சத்தைச் சரியாகக் கணித்தால் போதும் என்றிருந்த வேலை, இப்போது ஞாயிறு நண்பகல் பள்ளத்தையும் அதே கவனத்தோடு பார்க்கவேண்டிய வேலையாகிவிட்டது.

நாட்காட்டி

கிழமை நாள், சனி, ஞாயிறு, போயா, மற்ற விடுமுறை என்று ஐந்து வகை போதும். அதற்கு மேல் ஃபீடர் எந்த ஊருக்குள் போகிறது என்பதைப் பார்த்து எழுதவேண்டியதுதான். குருநகர், பாசையூர்ப் பக்கம் நத்தார் இரவு, சோனகதெரு என்றால் நோன்பு மாதத்து விடியற்காலை, சிவராத்திரிக்குக் கோயில் உள்ள ஊரெல்லாம் விடிய விடிய விளக்கு, தைப்பொங்கலன்று அதிகாலை.

நல்லூர்த் திருவிழா 25 நாள். கடைகள், தண்ணீர்ப்பந்தல்கள், அலங்கார விளக்குகள், வெளியூரால் வந்து நிற்கும் சனம் எல்லாம் சேர்ந்து மாலை வளைவையே மாற்றிவிடும். தீர்த்தம் ஆவணி அமாவாசைக்கு வருவதால் ஆங்கிலத் தேதி வருடாவருடம் நகரும். "போன வருடம் இதே தேதி" என்று எடுத்தால் தேர் நாளுக்கு வெறும் நாளை ஒப்பிடுவீர்கள். கொடியேற்றத்தில் இருந்து எத்தனையாவது நாள் என்று ஒரு நிரல் வையுங்கள்: சப்பறம் 23, தேர் 24, தீர்த்தம் 25.

வானிலை

பல உலக வானிலை மாதிரிகள் பூமியைப் பிரிக்கும் கட்டம் கால் பாகை, ஏறத்தாழ 28 கிலோமீற்றர். குடாநாடே சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும், அவற்றில் சில கடல். ஆள்கூற்றைக் கொடுத்துக் கிடைத்ததை எடுத்துக்கொண்டால், பகலுக்கும் இரவுக்கும் ஓரிரு பாகைதான் வித்தியாசம் உள்ள ஒரு வெப்பநிலைத் தொடர் வந்து சேரும். அது கடற்கட்டம். சுன்னாகம், சாவகச்சேரி போன்ற தரைப்பகுதி ஆள்கூறுகளைக் கொடுத்து, பகலிரவு வீச்சு ஊரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வானிலை மாதிரியை ஒரு நாளில் பல தடவை ஓட்டுவார்கள். காலை 10 மணிக் கெடுவுக்கு எந்த ஓட்டத்தை எடுப்பது? கிறீன்விச் 00 மணி ஓட்டம் இங்கே 5:30க்குத் தொடங்கும், தரவு வந்து முடிய 10 மணியும் ஆகலாம். முதல் நாள் இரவு 11:30க்கு உரிய 18 மணி ஓட்டத்தை எடுப்பது பாதுகாப்பு.

பயிற்றுவதற்கும் அன்றைக்கு வெளியான எதிர்வுகூறலையே பாவியுங்கள், நடந்த வானிலையை அல்ல. நடந்த வெயிலைக் கொண்டு பயின்ற மாதிரி வெயிலை அளவுக்கு மிஞ்சி நம்பும். எதிர்வுகூறிய வெயிலோ ஒக்டோபர், நொவம்பர் மாதங்களில் பொய்த்துக்கொண்டே இருக்கும். பழைய எதிர்வுகூறல்களை ஓப்பன்-மீற்றியோ போன்ற சேவைகள் சேமித்து வைத்திருக்கின்றன.

வெப்பத்துக்கு அந்த அரைமணியின் அளவு மட்டும் போதாது. கல்வீட்டுச் சுவர் இரண்டு நாள் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மூன்றாம் இரவுதான் ஏசி முழு மூச்சாக ஓடும். கடந்த 48 மணியின் சராசரி வெப்பநிலையை ஒரு நிரலாகச் சேருங்கள். சூரியன் இங்கே ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் தலைக்கு நேரே வருகிறது. சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் அதே வெப்பநிலையில் ஏசி குறைவாகவே ஓடும், காற்று வேகத்தையும் சேர்த்தால் அது பிடிபடும். பளைப் பக்கத்துக் காற்றாலைகளைக் கணிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காற்றின் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்காகப் போகும். செக்கனுக்கு 7 மீற்றர் என்பதை 8 என்று கணித்தால் வலு 49 சதவீதம் பிழைக்கும்.

எளிய கணிப்பு, பிறகு மாதிரி

முதலில் இரண்டு மொட்டைக் கணிப்புகள். ஒன்று, போன கிழமை இதே நாள் இதே அரைமணி, அதாவது 336 நிரை மேலே உள்ள எண். மற்றது, அதே வகை நாட்களில் கடைசி நான்கின் சராசரி. இரண்டும் நிகரச் சுமையில் அல்ல, வெயிலைத் திருப்பிக் கூட்டிய பாவனையில். எக்செல்லில் அரை நாள் வேலை. இவற்றை வெல்லாத எதையும் வெளியிடவேண்டாம். நான்கு நாள் சராசரி எத்தனை பெரிய மாதிரிகளைத் தோற்கடிக்கும் என்று பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு அரைமணிக்கும் ஒன்றாக 48 நேர்கோட்டுப் பின்னடைவுகள் (லீனியர் ரிக்ரெஷன்): நாள் வகை, 48 மற்றும் 168 மணி முந்திய பாவனை, வெப்பநிலை, 48 மணிச் சராசரி, மழை, காற்று. இதற்குப் பிறகும் பசி இருந்தால் லைட்ஜிபிஎம் என்ற, கேள்வி கேள்வியாகக் கிளைபிரியும் மரவகை மாதிரி. மரவகை மாதிரிகள் தாம் காணாத எல்லைக்கு வெளியே எண் சொல்லமாட்டா. மாதம் மாதம் சோலார் ஏறும் ஃபீடரில் நிகரச் சுமையைக் கொடுத்தால், போன வருடத்துப் பள்ளத்துக்குக் கீழே அவை இறங்கவே மாட்டா. சோலாரை வெளியே பிரித்து வைத்ததன் பயன் இங்கேயும் தெரியும்.

சோதித்தல்

நிரைகளைக் குலுக்கிப் பிரிக்கக்கூடாது. கடைசி எட்டுக் கிழமையை ஒதுக்கி, ஒவ்வொரு நாளாக நகர்ந்து, அந்த நாள் காலை 10 மணிக்குத் தெரிந்ததை மட்டும் கொண்டு கணியுங்கள். வாடை மழைக்காலத்தில் ஒரு தடவை, மாசி–பங்குனியில் ஒரு தடவை தனித்தனியே செய்தால் நல்லது. ஒன்றில் தேறுவது மற்றதில் தோற்கும்.

சதவீதப் பிழையை விட்டுவிடுங்கள். நண்பகலில் உண்மை 50 கிலோவாற்று, கணிப்பு 150 என்றால் பிழை 200 சதவீதம் என்று வரும். ஃபீடருக்கு 100 கிலோவாற்று ஒரு பொருட்டே இல்லை. கிலோவாற்றிலேயே சராசரிப் பிழையை எழுதுங்கள்: மாலை உச்சத்துக்கு ஒன்று, பகல் பள்ளத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் குறியோடு கூடிய சராசரி வேறாக. ஒற்றை எண்ணோடு நிற்காமல் பத்தில் எட்டு நாள் உண்மை உள்ளே விழும் ஒரு பட்டியையும் கொடுங்கள். அதைச் சோதனைக்காலத்து நிகரப் பிழைகளில் இருந்து நேரே எடுக்கவேண்டும். பாவனைப் பட்டியின் மேல் விளிம்பில் இருந்து சோலார்ப் பட்டியின் கீழ் விளிம்பைக் கழித்துப் பெறும் பட்டி தேவைக்கு மேல் அகலமாக வரும்.

நாளாந்த வேலை

காலை 9 மணிக்கு நேற்றைய உண்மையைக் கணிப்போடு வரையுங்கள். எங்கே விலகியது என்பதை மூன்று கேள்வியால் பிரிக்கலாம்: இரவில் விலகினால் பாவனை அல்லது ஃபீடர் மாற்றம், பகலில் மட்டும் விலகினால் வானிலை, வானிலை சரியாக இருந்தும் பகலில் விலகினால் கொள்ளளவுப் பட்டியல் பழசு.

நான்காவது ஒன்றும் இருக்கிறது, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். நல்ல வெயில் ஞாயிறுகளில், 11 முதல் 1 வரை மட்டும், உண்மை நிகரச் சுமை கணிப்பை விட உயர்ந்து நிற்கும். சட்டப்படி வோல்ற்றேஜ் 230க்கு 6 சதவீதம் மேலும் கீழும், அதாவது 216 முதல் 244 வரை. பாவனை குறைந்த நேரத்தில் லைன் கடைசியில் உள்ள வீடுகளில் சோலாரே வோல்ற்றேஜை மேலே தள்ளும். வரம்பு தாண்டியதும் இன்வேர்ட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். வெயில் இருக்கும், சோலார் இருக்காது. மாதிரியைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. கணித்த நிகரச் சுமை ஒரு எல்லைக்குக் கீழே போகும் அரைமணிகளில் சோலாரை ஒன்றிலும் குறைந்த ஒரு வெட்டுக் காரணியால் பெருக்குங்கள். அந்த எல்லை எது என்பதை, முன்பு வந்துபோன பத்துப் பன்னிரண்டு வெயில் ஞாயிறுகளின் தரவில் இருந்து எடுக்கலாம். எந்த ட்ரான்ஸ்போமரடியில் இது நடக்கிறது என்ற குறிப்பைப் பராமரிப்புப் பகுதிக்கும் அனுப்பிவையுங்கள். அவர்கள் டப்பை (ட்ரான்ஸ்போமரின் வோல்ற்றேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை) மாற்றினால் உங்கள் காரணியும் அன்றைக்கே மாறவேண்டும்.

சோழகக் காலத்தில் காவோலை விழுந்து லைன் போவதையும், கரையோரத்தில் உப்புப் படிந்த இன்சுலேற்றர்கள் முதல் தூறலோடு பொறிந்து போவதையும் இந்த 48 எண்களுக்குள் திணிக்காதீர்கள். அவற்றுக்குத் தனித் தாள்: காற்று வேகம், கடைசி மழைக்குப் பின் கழிந்த நாட்கள், தடை நடந்ததா இல்லையா. ஒரு வருடம் சேர்ந்த பிறகு அந்தத் தாளைத் திறந்து பார்க்கலாம்.